படத்தில் உள்ள பல்லிக்கு வயது என்ன?

ஆசிரியருக்கு வணக்கம்.

மூன்று கிழமைக்கு முன் உங்கள் பத்திரிகையின் தொழில் பக்கத்தில், பேஸ்மென்ட்டில் லெப்பர்ட் கெக்கோ என்ற வண்ணப் பல்லி வளர்த்து மாதம் இரண்டாயிரம் டொலர் சம்பாதிக்கலாம் என்று ஒரு கட்டுரை வந்தது. அரைப் பக்கத்துக்குப் படம்: ஒருவருடைய விரலில் குந்தியிருக்கும் செம்மஞ்சள் குஞ்சு. அதற்குக் கீழே 'நிறம் மங்காத இனம்' என்று போட்டிருந்தீர்கள். அன்றிலிருந்து எனக்குப் பதினொரு தொலைபேசி அழைப்பு. ஸ்காபரோவில் பல்லி வளர்க்கிற தமிழன் என்றால் சனத்துக்கு என் ஞாபகம்தான் வருமாம். "அண்ணை, அந்த இனம் உங்களிட்ட இருக்கோ?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்குத் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒருமுறை எழுதிவிட்டால் என் தொண்டைக்கும் ஓய்வு கிடைக்கும்.

படத்தில் இருப்பது மூன்று கிழமைக்கு மேல் ஆகாத குஞ்சு. உடம்பில் குறுக்குப் பட்டைகள் இன்னும் அழியவில்லை. விரலைவிட மெல்லியதாகத்தான் இருக்கிறது. அந்த வயதில் 'நிறம் மங்காது' என்று சொல்வது, தொட்டில் பிள்ளையின் தலைமயிரைத் தடவிப் பார்த்து இவனுக்கு வழுக்கை விழாது என்று சாதகம் எழுதுகிற மாதிரி.

இன்னொரு சின்னத் திருத்தம். கட்டுரையில் போட்டிருந்த மாதிரி அது ஆபிரிக்கப் பல்லி அல்ல. லெப்பர்ட் கெக்கோ நம்முடைய உபகண்டத்துச் சீவன். பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், இந்தியாவின் வடமேற்கு மூலை, இவைதான் அதன் ஊர். கல்கத்தா ஆசியக் கழக அருங்காட்சியகத்தில் காப்பாளராக இருந்த எட்வர்ட் பிளித் என்பவர் 1854இல் அதற்கு விஞ்ஞானப் பெயர் வைத்தார். பஞ்சாப் பக்கத்து உப்பு மலைத்தொடரில் பிடித்ததை வைத்துத்தான் வைத்தார். நம் வீட்டுச் சுவர்ப் பல்லிக்கு இமை கிடையாது, இதற்கு உண்டு. கண்ணை மூடித் தூங்கும். விரலில் ஒட்டும் பட்டை இல்லாததால் சுவர் ஏறாது. என் மாமி முதன்முதல் பார்த்தபோது இரண்டு நாள் அதன் பெட்டிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தார், எந்தத் திசையில் சொல்லுகிறது என்று பார்க்க. அது ஒன்றுமே சொல்லவில்லை. "இதென்ன ஊமைப் பல்லி, ஒரு பலனுமில்லை" என்று எழும்பிப் போய்விட்டார்.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது 2009இல். மகள் அப்போது ஏழாம் வகுப்பு. அவளுடைய வகுப்புப் பிள்ளையின் குடும்பம் வன்கூவருக்கு இடம் மாறிப் போகும்போது ஒரு கண்ணாடித் தொட்டியும் அதற்குள் ஒரு பல்லியும் எங்கள் தலையில் வந்து விழுந்தன. சாதாரண மஞ்சள், கறுப்புப் புள்ளி. மகள் மணி என்று பெயர் வைத்தாள். மணிக்குக் கிரிக்கெட் பூச்சி வாங்கப் போகிற கடையில்தான் செம்மஞ்சள் பல்லியை முதலில் கண்டேன். டேஞ்சரின் என்று சொன்னார்கள். பழுத்த தோடம்பழத் தோல் நிறம். அவ்வளவு வடிவு.

2011இல் ஒரு ஊர்வன சந்தையில் ஒரு சோடி டேஞ்சரின் குஞ்சு வாங்கினேன். விற்றவரின் பெயர் இங்கே தேவையில்லை. 350 டொலர். அந்த நேரம் நான் ஆலையில் இரவு வேலை. ஒரு கிழமைச் சம்பளத்தில் பெரும்பகுதி. மனைவிக்குச் சொன்ன விலை வேறு, அது இப்போது இந்தக் கடிதத்தின் மூலம்தான் அவருக்குத் தெரியப்போகிறது. பதினான்கு மாதம் கழித்துப் பார்த்தால், ஆண் பல்லி வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டது. முதுகில் தேத்தண்ணி சிந்தின மாதிரி ஒரு மண்ணிறம் வேறு. பெண் ஓரளவுக்குத் தாக்குப்பிடித்தது. விற்றவரிடம் கேட்டேன். "நீ குளிரில் வைத்திருப்பாய்" என்றார். அதில் கொஞ்சம் உண்மை இருந்தது என்பதுதான் எனக்கு எரிச்சல்.

இந்தப் பல்லி சூட்டில் வெளிறும், குளிரில் கறுக்கும். பயந்தாலும் கறுக்கும். தோல் உரிப்பதற்கு முதல் நாள் சாம்பல் பூசினது போல இருக்கும். உரித்து, அந்தத் தோலைத் தானே தின்று முடித்த அன்று பார்த்தால் புது வெண்கலக் குத்துவிளக்கு மாதிரி மின்னும். விற்கிறவர்கள் எல்லோரும் படம் எடுப்பது அந்த நாளில்தான். நானும் அப்படித்தான் எடுத்தேன், மறுக்கவில்லை. ஆனால் இதெல்லாம் மணித்தியாலக் கணக்கில், நாள் கணக்கில் வந்துபோகிற மாற்றம். வருடக் கணக்கில் நடக்கிற மாற்றம் வேறு. குஞ்சுக்குக் கறுப்பும் மஞ்சளுமாகப் பட்டை பட்டையாக இருக்கும். ஒரு வருடத்துக்குள் அந்தப் பட்டை உடைந்து புள்ளியாகும். டேஞ்சரின் வழியில் புள்ளியும் குறையும். உடம்பில் பத்துப் புள்ளிக்குக் குறைவென்றால் ஹைப்போ, முதுகில் ஒன்றுமே இல்லையென்றால் சூப்பர் ஹைப்போ என்று வளர்ப்பவர்கள் சொல்வார்கள். கறுப்பு விலக விலக இடையில் உள்ள நிறம் விரியும். விரிகிற நிறம் செம்மஞ்சளா, வைக்கோலா, சேறா என்பது அப்போதுதான் தெரியும்.

எனக்கு இதைத் தெளிவாக்கியவர் ஹமில்டனில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர். குஞ்சு வாங்கப் போனேன். அவர் குஞ்சைக் காட்டவே இல்லை. ஆறு வயது ஆண் ஒன்றையும் ஐந்து வயதுப் பெண் ஒன்றையும் எடுத்து மேசையில் விட்டார். இரண்டும் குறைவான நிறம்தான், பெட்டியில் பார்க்கிற குஞ்சுகளின் பளபளப்பு இல்லை. ஆனால் அந்த வயதில் அந்த நிறம் இருந்தது. "இதுகளின் குஞ்சை எப்படி இருந்தாலும் கொண்டு போ, இரண்டு வயதில் வந்து என்னைத் திட்டு" என்ற அர்த்தத்தில் ஏதோ சொன்னார். நான்கு குஞ்சு கொண்டுவந்தேன். முதல் மூன்று மாதம் அதுகளைப் பார்க்கவே பிடிக்கவில்லை. பிறகு திட்டப் போகவில்லை.

காரில் திரும்பி வரும்போது எனக்கு ஐயாவின் ஞாபகம் வந்தது. வடமராட்சியில் எங்களுக்கு மிளகாய்த் தோட்டம். பழம் பறித்து வெயிலில் காயவைத்துச் செத்தலாக்கி, விற்றது போக ஒரு கடகம் செத்தலை ஐயா அட்டாளையில் வைத்துவிடுவார். எல்லாத் தோட்டக்காரரும் நல்ல செடியில் நல்ல பழம் பார்த்து விதை எடுப்பார்கள். ஐயா மாரி முடியும்வரை பொறுப்பார். மாரி ஈரம் பட்டுப் பாதிச் செத்தல் வெளுத்து வெள்ளைச் சோடையாகிவிடும். மிச்சத்தில் இன்னும் சிவப்பாக நிற்பதை மட்டும் பொறுக்கி அதில்தான் விதை எடுப்பார். "சந்தையில சிவப்பா இருக்கிறது பெரிசில்லை, சட்டிக்குள்ள போகேக்க சிவப்பா இருக்கோணும்" என்பார். பதினைந்து வயதில் எனக்கு அது கஞ்சத்தனமாகப் பட்டது.

2012இல் ஒரு கொப்பி போட்டேன். ஒவ்வொரு பல்லிக்கும் ஒரு பக்கம். ஒரு கிழமை, மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருடம், இரண்டு வருடம் என்று படம். கமராவை நம்பக்கூடாது என்று சீக்கிரமே விளங்கிவிட்டது. ஒரே பல்லி ஒரு பல்பின் கீழ் மாம்பழம், இன்னொரு பல்பின் கீழ் கத்தரிக்காய். அதனால் பெயின்ட் கடையில் இலவசமாகக் கொடுக்கிற நிற அட்டைகளில் மஞ்சளிலிருந்து செங்கல் நிறம் வரை ஒரு கட்டு எடுத்துவந்து, ஒவ்வொரு படத்திலும் பல்லிக்குப் பக்கத்தில் அட்டையையும் வைத்தேன். படம் எப்படி வந்தாலும், எந்த எண் அட்டையோடு பல்லி ஒத்துப்போகிறது என்று எழுதிவிடலாம். கடைக்காரப் பெடியன் சுவரே பூசாத எனக்கு வருடக்கணக்காக அட்டை கொடுத்துக்கொண்டிருக்கிறான்.

கொப்பியில் முதலில் தெரிந்தது: ஒரு மாதத்தில் முதலிடத்தில் நின்ற குஞ்சு இரண்டு வயதில் முதலிடத்தில் நிற்பது அபூர்வம். முதல் இரண்டு வருடத்தில் பிறந்த முப்பத்தொரு குஞ்சில் ஒன்றே ஒன்றுதான் அப்படி. பெரியவையானபோது நன்றாக வந்தவை பெரும்பாலும் ஆறு மாதத்துக்குப் பிறகு நிறம் ஏறியவை. குஞ்சைப் பார்த்துத் தெரிவு செய்திருந்தால் நான் அவற்றைத்தான் முதலில் விற்றிருப்பேன். விற்றும் இருக்கிறேன், ஆரம்பத்தில்.

இரண்டாவது விஷயம் இன்குபேற்றர், முட்டையைப் பொரிக்க வைக்கிற பெட்டி. இதை உங்கள் கட்டுரை தொடவே இல்லை, ஆனால் ஏமாற்றமெல்லாம் இங்கேதான் பிறக்கிறது. இந்தப் பல்லிக்கு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது முட்டை இருக்கிற சூடு. 26 பாகை செல்சியஸ் பக்கம் வைத்தால் ஏறக்குறைய எல்லாம் பெண். 32, 33இல் பெரும்பாலும் ஆண். 34க்கு மேல் ஏற்றினால் திரும்பவும் பெண்தான் கூடுதலாக வரும். அதே சூடு நிறத்தையும் தொடுகிறது. சூட்டில் பொரித்த குஞ்சில் கறுப்புக் குறைவு, பார்வைக்குப் பளிச்சென்று இருக்கும். குளிரில் பொரித்தது இருண்டிருக்கும்.

ஒரு பெண் பல்லி ஒரு தடவைக்கு இரண்டு முட்டை இடும். இது எனக்கு நல்ல வசதி. ஒன்றை 27.5 பாகைப் பெட்டியிலும் மற்றதை 32 பாகைப் பெட்டியிலும், வெர்மிகுலைட் என்ற ஈரமான கனிமத் துகளில் பாதி புதைத்து வைத்தேன். தாய் ஒன்று, தகப்பன் ஒன்று, ஒரே நாளில் இட்ட முட்டை. சூட்டுப் பெட்டி ஆறு கிழமையில் பொரித்தது, மற்றது எட்டுக் கிழமை எடுத்தது. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று சொல்லமாட்டீர்கள். சந்தையில் ஒன்றுக்கு 200 டொலர் கேட்கலாம், மற்றதுக்கு 80. மூன்று பருவம் இப்படிச் செய்தேன். பிறகு சூட்டு அண்ணன்மாரின் பிள்ளைகளையும் குளிர்த் தங்கைமாரின் பிள்ளைகளையும் ஒரே சூட்டில் பொரிக்க வைத்துப் பார்த்தேன். என் நிற அட்டையில் ஒரு வித்தியாசமும் இல்லை. அண்ணனிடம் இருந்த பளபளப்பு இன்குபேற்றர் கொடுத்தது. அதைப் பிள்ளைக்குக் கொடுக்க அவனிடம் ஒன்றுமில்லை. சின்ன வீட்டுக் கணக்குத்தான் இது, ஆனாலும் 200 டொலர் கொடுக்கிறவர் இதைக் கேட்டுவிட்டுக் கொடுக்கலாம்.

அப்புறம் கரட். உங்கள் கட்டுரையில் கிரிக்கெட் பூச்சிக்குக் கரட் கொடுத்தால் பல்லி சிவக்கும் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். ஒரு வருடம் முழுக்க நானும் கொடுத்தேன். பூச்சிகள் சுகமாக இருந்தன.

டேஞ்சரின் நிறம் ஒரு மரபணுவில் நிற்பதல்ல. பல மரபணுக்கள் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது. அதனால்தான் இதில் ஆம், இல்லை என்று கணக்குப் போட முடியாது. தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து ஏற்றிக்கொண்டு போகவேண்டும். கறுப்பு நிறமே இல்லாத அல்பினோ வகை அப்படியல்ல, அது ஒற்றை மரபணு. அதிலும் ஒரு குழி இருக்கிறது. ட்ரெம்பர், ரெயின்வாட்டர், பெல் என்று மூன்று வழி அல்பினோ உண்டு. மூன்றும் வெவ்வேறு மரபணு. ட்ரெம்பரையும் பெல்லையும் சோடி சேர்த்தால் குஞ்செல்லாம் சாதாரண நிறத்தில் வரும். கட்டுரையைப் படித்துவிட்டுப் போன் எடுத்தவர்களில் ஒருவர் ஏற்கெனவே அப்படி ஒரு சோடி வாங்கிவிட்டார். மாக் ஸ்னோ என்றொரு வகை, பொரிக்கும்போது கறுப்பும் வெள்ளையுமாக வரிக்குதிரைக் குட்டி மாதிரி இருக்கும். ஸ்னோ என்றால் பனி. வளர வளர மஞ்சள் ஏறி, கனடாவில் மார்ச் மாதத்து ரோட்டோரப் பனி மாதிரி ஆகிவிடும். அதையும் 'மங்காத வெள்ளை' என்று விற்கிறார்கள்.

ஒரு தலைமுறைக்கு எனக்கு இரண்டு வருடம். பதினெட்டு மாதத்துக்கு முன் நான் சோடி சேர்ப்பதில்லை. ஒரு பருவத்தில் முப்பது குஞ்சு என்றால் எட்டை நிறுத்திவைப்பேன். இரண்டு வயதில் அந்த எட்டில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு, எனக்கு வேண்டிய எண்ணில் நிற்கும். மிச்சத்தை நிறம் குறைந்தது என்று சொல்லியே சாதாரண விலைக்குக் கொடுப்பேன். அந்த எட்டுக்கும் இரண்டு வருடம் தீனி, கல்சியம் தூள், பெட்டிக்கு அடியில் சூட்டுப் பாய், கரண்ட் பில். உங்கள் கட்டுரையில் பதினாறு முட்டையை முன்னூறு டொலரால் பெருக்கியிருந்தீர்கள். அந்தப் பெருக்கலில் என் எட்டுப் பல்லிகளுக்கு இடமில்லை. அவை இல்லாமல் நிறம் நிற்காது.

அவசரப்பட்டு ஒரு பிழை விட்டேன். 2014இல் அண்ணனையும் தங்கையையும் சோடி சேர்த்தேன், நிறத்தைப் பூட்டிவிடலாம் என்று. நிறம் வந்தது. ஆனால் ஒரு குஞ்சுக்கு மேல் இமை பாதிதான் இருந்தது, இன்னொன்றுக்கு வால் நுனி வளைந்திருந்தது. இமையில்லாததை நாங்களே வைத்து ஒவ்வொரு நாளும் கண்ணுக்கு மருந்து விட்டுப் பார்த்தோம். பிறகு சொந்தமில்லாத ஒரு ஆணைக் கொண்டுவந்து கலந்தேன். அந்த வருடத்துக் குஞ்செல்லாம் மண்சட்டி நிறம். மகள் சிரித்தாள். அதுகளைத் திரும்ப நல்ல பக்கத்தோடு சேர்த்து, 2017 ஆடி மாதம் பொரித்ததில் ஒன்று, எட்டு மாதம் வரை ஒருவரும் திரும்பிப் பார்க்காத ஒன்று, ஒன்றரை வயதில் செங்கல்லும் தோடம்பழமும் கலந்த ஒரு நிறத்துக்கு வந்து நின்றுவிட்டது. மனைவி பார்த்துவிட்டு, "இது உங்கட ஐயாவின்ர செத்தல்" என்றார். அதுவே பெயராகிவிட்டது. செத்தலுக்கு இப்போதும் அதே எண் அட்டைதான்.

இங்கே நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதம் ஒரு வெற்றிக் கதையாக இருந்திருக்கும். ஆனால் போன் எடுத்தவர்களில் மூன்று பேர் லெமன் ஃப்ரொஸ்ட் என்ற வகையைப் பற்றிக் கேட்டார்கள். அதனால் அதைச் சொல்லியே ஆகவேண்டும்.

2018 கடைசியில் அப்படி ஒரு இளம் ஆண் வாங்கினேன். எலுமிச்சைத் தோலுக்கு உள்ளேயிருந்து யாரோ விளக்குப் பிடித்த மாதிரி ஒரு மஞ்சள். கண்கூட வெள்ளி பூசியது. ஒரு வயதில் பார்த்தேன், ஒன்றரை வயதில் பார்த்தேன், நிற அட்டையில் ஒரு எண்கூட இறங்கவில்லை. ஏழு வருடமாக நான் தேடிய 'மங்காதது' இதுதான் என்று நினைத்தேன். எலுமிச்சை என்றே கூப்பிட்டோம். 2019இல் செத்தலின் தங்கை ஒன்றோடும் இன்னொரு பெண்ணோடும் சேர்த்தேன். இருபத்திரண்டு குஞ்சு, அதில் பத்துக்கு அந்த ஒளி. தகப்பனில் இருந்து ஒரு பிரதி வந்தாலே போதும், காட்டிவிடும். ஆறு குஞ்சை விற்றேன். என்ன விலைக்கு என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

2020 கோடையில் எலுமிச்சையைத் தூக்கி நிறை பார்த்தபோது வயிற்றில் வெள்ளையாக ஒரு தடிப்பு. உரிக்காமல் ஒட்டிய தோல் என்று நினைத்து வெதுவெதுப்பான தண்ணீரில் விட்டேன். போகவில்லை. ஒரு மாதத்தில் மூன்று தடிப்பு. மிருக வைத்தியர் ஒரு துண்டு வெட்டி அனுப்பினார். நிறச் செல்களில் வந்த கட்டி என்று பதில் வந்தது.

அதன் காரணம் அடுத்த வருடம்தான் எனக்குத் தெரிந்தது. 2021இல் லொஸ் ஏஞ்சலஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிளொஸ் ஜெனெட்டிக்ஸ் சஞ்சிகையில் எழுதியிருந்தார்கள். மகள் அப்போது பல்கலைக்கழகத்தில், அவள்தான் வாசித்து விளங்கப்படுத்தினாள். பல்லித் தோலில் கறுப்புச் செல், மஞ்சள் செல் தவிர, குவானின் என்ற பொருளின் பளிங்குத் துகள்களை வைத்து வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிற வெள்ளைச் செல்லும் உண்டு. லெமன் ஃப்ரொஸ்டில் ஸ்பின்ட்1 என்ற மரபணுவின் பக்கம் ஒரு பிழை. வெள்ளைச் செல் அளவுக்கு மீறிப் பெருகுகிறது. அந்த வெள்ளை பின்னால் நிற்பதால்தான் மஞ்சள் அப்படி ஒளிர்கிறது. பெருக்கம் நிற்காமல் போவதுதான் கட்டி. எண்பது வீதத்துக்கு மேலானவற்றுக்கு இந்தக் கட்டி வருகிறது என்று எழுதியிருந்தார்கள். மனிதரின் தோல் புற்றுநோயை ஆராய்கிறவர்களுக்கும் அந்த மரபணு பயன்படக்கூடும் என்பதால் அது பெரிய செய்தியாக வந்தது. எனக்கு அது என் பேஸ்மென்ட்டின் செய்தி. நான் அட்டை வைத்து அளந்துகொண்டிருந்த நிறமும் வயிற்றில் வந்த தடிப்பும் ஒரே செல்லின் வேலை.

குஞ்சு வாங்கிய ஆறு பேருக்கும் போன் எடுத்தேன். இரண்டு பேர் பல்லியைத் திருப்பித் தந்தார்கள், காசைக் கொடுத்தேன். ஏஜக்ஸில் ஒரு தமிழ்ப் பெடியன் தான் வைத்தே பார்ப்பதாகச் சொன்னான், சோடி மட்டும் சேர்க்கமாட்டேன் என்று. ஒருவர் ஏற்கெனவே முட்டை எடுத்து விற்றுவிட்டாராம். அவரோடு கதைத்து ஒரு பயனும் இல்லை. எலுமிச்சை 2022 மாசியில் செத்தது. அதன் பிள்ளைகளில் இரண்டு இன்னும் என்னிடம் இருக்கின்றன. ஒன்றுக்குத் தாடையின் கீழ் கட்டி. சாப்பிடுகிறது. நிறம் இன்னும் அப்படியே இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் செத்தலைத் தாண்டிப் போய் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

எனிக்மா என்ற வகைக்கும் இதே போல வேறொரு கொடுமை இருக்கிறது. தலை சுற்றி, ஒரே வட்டத்தில் நடக்கும். பூச்சியைக் குறிபார்த்துப் பாய முடியாது. அதை நான் வளர்த்ததில்லை, ஆனால் ஒருவர் வீட்டில் பார்த்திருக்கிறேன். பார்த்தது போதும்.

பல்லி வளர்க்க வேண்டாம் என்று யாருக்கும் நான் சொல்லவில்லை. பதினைந்து, இருபது வருடம் இருக்கக்கூடிய, சத்தம் போடாத, ஒரு சின்னப் பெட்டியில் சந்தோசமாக வாழ்கிற சீவன். என் மகளுக்குப் பொறுமை பழக்கியது நானல்ல, மணிதான். நிறத்துக்காகத் தெரிந்தெடுத்து வளர்ப்பதிலும் எனக்குக் குற்றவுணர்வு இல்லை. தாய் தகப்பனை, முடிந்தால் அவற்றின் தாய் தகப்பனையும், பெரிய வயதில் பார்த்து வாங்குங்கள் என்பதுதான் போன் எடுத்தவர்களுக்கு நான் சொன்னது. மூன்று வயதுத் தாயைக் காட்டமாட்டேன் என்கிறவரிடம் ஏன் என்று கேளுங்கள். எந்தச் சூட்டில் பொரித்தது என்று கேளுங்கள். தோல் உரித்து எத்தனை நாள் என்றும் கேளுங்கள், அவர் முகம் மாறுவதைப் பார்க்கவாவது.

ஆசிரியரிடம் கேட்பது ஒன்று. உங்கள் வரிவிளம்பரப் பக்கத்தில் இப்போது பல்லி விளம்பரம் கிழமைக்கு மூன்று நான்கு வருகிறது, எல்லாம் படத்தோடு. வீட்டு விளம்பரத்துக்குச் சதுர அடி கேட்கிறீர்கள், கார் விளம்பரத்துக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்று கேட்கிறீர்கள். பல்லி விளம்பரத்துக்கு, படம் எடுத்த அன்று பல்லிக்கு என்ன வயது என்று ஒரு வரி கேளுங்கள். 'வயது: 3 கிழமை' என்று கீழே அச்சானால் வாசகருக்கு அதுவே போதும். கட்டுரைப் படத்துக்கும் அதே வரியைப் போட்டு, அடுத்த இதழில் ஒரு திருத்தம் வெளியிட முடியுமா?

இத்துடன் செத்தலின் படங்கள் மூன்று வைத்திருக்கிறேன்: மூன்று கிழமை, இரண்டு வயது, இந்த மாதம். பின்பக்கத்தில் திகதியும் அட்டை எண்ணும் பென்சிலால் எழுதியிருக்கிறேன். மூன்றாவது படம் எடுத்தது தோல் உரிப்பதற்கு முதல் நாள். அதனால் கொஞ்சம் சாம்பல் பூத்த மாதிரித் தெரியும். இரண்டு நாள் பொறுத்து எடுத்திருந்தால் வடிவாக வந்திருக்கும். அப்படியே போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகன்,
ஸ்காபரோ